முன்னாடி ஃபோர்க்குக்கும் ஒருக்கா டேப் புடிங்க சாமி!

பி.காம் படிக்கிறவன் ஃபோர்க்கப் பத்தி எழுதறானேன்னு மெக்கானிக்கல் டிபார்ட்மென்ட் மக்கள் சிரிக்கலாம். சிரிச்சுக்குங்க. ஆனா சிரிக்கறதுக்கு முன்னாடி உங்க வண்டியோட முன் ஃபோர்க், நீங்க ஏறி உக்காந்தா எத்தனை மில்லிமீட்டர் இறங்குதுன்னு ஒரு நம்பர் சொல்லுங்க. எங்க காலேஜ்ல மண்ணுல வண்டி ஓட்டற ஒரு பதினைஞ்சு பேருகிட்ட கேட்டுப் பாத்துட்டேன். பின்னாடி ஷாக்குக்கு நாலு பேரு நம்பர் சொன்னாங்க. முன்னாடிக்கு ஒருத்தரும் சொல்லல. "அது கம்பெனி செட்டிங்டா, அப்படியே இருக்கட்டும்"னாங்க.

இதுதான் என்னோட புகார். இதுக்குத்தான் இவ்வளவு நீளப் பதிவு.

முதல்ல விஷயம் தெரியாதவங்களுக்காக (காமர்ஸ் மக்களே, ஓடாதீங்க). வண்டிய அந்தரத்துல தூக்கினா முன் சக்கரம் தொங்கும், ஃபோர்க் முழுசா நீண்டு நிக்கும். கீழ இறக்கினா வண்டியோட சொந்த எடைக்கே கொஞ்சம் அமுங்கும். நீங்க ஏறினா இன்னும் கொஞ்சம். இந்த அமுங்கலுக்கு இங்கிலீஷ்ல ஸேக்னு பேரு. தமிழ்ல தொய்வுன்னு சொல்லலாம். பாட்டி வீட்டுக் கயித்துக் கட்டில் நினைச்சுக்குங்க. ரொம்ப இழுத்துக் கட்டினா படுத்தா முதுகு வலிக்கும், ரொம்பத் தொளதொளன்னு விட்டா நடுவுல தரை தட்டும். வண்டி மட்டும் நிக்கறப்போ வர்ற தொய்வு ஒண்ணு, ஆளோட சேத்து வர்ற தொய்வு இன்னொண்ணு. ரெண்டும் வேணும், ரெண்டும் வேற வேற விஷயத்தச் சொல்லும். அது பின்னாடி.

தொய்வு எதுக்குன்னு கேட்டா, சக்கரம் மேட்டுல ஏறறதுக்கு மட்டும் ஃபோர்க் இல்ல, பள்ளத்துல இறங்கறதுக்கும் ஃபோர்க்தான். தொய்வே இல்லாத வண்டியில ஃபோர்க் ஏற்கனவே முழுசா நீண்டு நிக்குது. பள்ளம் வந்தா இன்னும் நீள்றதுக்கு அதுகிட்ட ஒண்ணும் இல்ல. சக்கரம் பள்ளத்துக்கு மேல அந்தரத்துல போயி, எதிர்ப்பக்கக் கரையில முட்டும். தரையத் தொடாத டயருக்குப் பிடிமானம் ஏது? எங்க பாஷையில சொன்னா, கையில ரொக்கமே வெச்சுக்காம எல்லாத்தையும் சரக்குல போட்டுட்டு யாவாரம் பண்றவன் மாதிரி. நல்லாத்தான் ஓடும், திடீர்னு ஒரு செலவு வர்ற வரைக்கும்.

தொய்வு கம்மியா இருந்தா வண்டியோட மூக்கு தூக்கி நிக்கும். வளைவுல முன் சக்கரம் லேசாகி வெளிப்பக்கமா வழுக்கிட்டுப் போகும். அதிகமா இருந்தா மூக்கு குனிஞ்சு நிக்கும். ஹேண்டில் படபடன்னு திரும்பும், வேகத்துல தலையாட்டும், மணல்ல புதைஞ்சு மடங்கும், பெரிய பள்ளத்துல டக்குன்னு அடி தட்டும். இதுல எதுவும் ஓட்டறவன் கையாலாகாத்தனம் இல்ல. ஆனா நம்ம ஊர்ல ஒருத்தன் செம்மண் வளைவுல விழுந்தா, "பிரேக்க ஏன்டா புடிச்சே", "டயரு சரியில்ல", "உனக்கு வரல, ரோட்டுல ஓட்டு" இப்படித்தான் தீர்ப்பு வருது. ஃபோர்க்க யாரும் கூண்டுல ஏத்தறதில்ல.

சரி, ஏன் பின்னாடி மட்டும் அளக்கறாங்க? பின்னாடி ஷாக்கோட பிரீலோட் வளையம் கண்ணு முன்னாடி இருக்கு, ஒரு ஸ்பேனர் போட்டா திரும்பும். முன்னாடி அப்படி இல்ல. நம்ம ஊர்ல அதிகமாப் பாக்கற மண்ணு வண்டி எக்ஸ்பல்ஸ் 200. 2019ல வந்தது. முன்னாடி 190 மி.மீ., பின்னாடி 170 மி.மீ. பயணம். பின்னாடி பிரீலோட் மாத்தலாம், முன்னாடி மாத்த வழியே இல்ல. ஹிமாலயன் 411ம் (2016) அதே கதைதான், முன்னாடி 200 மி.மீ. பயணம், திருகு ஒண்ணும் கிடையாது. எக்ஸ்பல்ஸ்லயே 2023ல வந்த புரோ மாடல்லதான் முன்னாடி 250, பின்னாடி 220ன்னு நீட்டி, ரெண்டு பக்கமும் திருகற வசதி குடுத்தாங்க. ஆக, திருக முடியாதத அளந்து என்ன பண்றதுன்னு விட்டுட்டோம். வாடகைய ஏத்த முடியாதுன்னு கணக்கே எழுதாம விட்ட வீட்டுக்காரர் மாதிரி.

இன்னொரு காரணமும் இருக்கு, அது கொஞ்சம் கவுரவமான காரணம். முன் ஃபோர்க்குல உராய்வு அதிகம். ஃபோர்க் சாய்ஞ்சு நிக்குது, எடை மேல இருந்து நேரா வருது. பைப்பு வளையப் பாத்து புஷ்ஷோட உரசுது. சீல் வேற புடிச்சு இழுக்குது. அதனால அமுக்கி விட்டா ஒரு இடத்துல நிக்கும், தூக்கி விட்டா இன்னொரு இடத்துல நிக்கும். கேடிஎம் கம்பெனி தன்னோட மோட்டோகிராஸ், எண்டூரோ வண்டிக் கையேடுகள்லயே முன் ஃபோர்க்குக்குத் துல்லியமான தொய்வு அளவு எடுக்க முடியாதுங்கற மாதிரிதான் எழுதியிருக்கு. இதக் காட்டி ஒரு அண்ணன் என்கிட்ட, "பாரு தம்பி, கேடிஎம்மே கைய விரிச்சுட்டான்"னாரு.

எனக்கு இந்த வாதம் ஏறவே இல்ல. துல்லியமா எடுக்க முடியாதுங்கறதும் எடுக்கவே வேண்டாம்ங்கறதும் ஒண்ணா? கடையில வருஷக் கடைசியில சரக்கு இருப்பு எடுக்கறோம். அஞ்சு பைசா சுத்தமா எந்தக் கடையிலயும் வராது. அதுக்காக இருப்பே எடுக்காம பேலன்ஸ் ஷீட் போட முடியுமா? அதே கையேட்டத் திருப்பினா, எத்தனை கிலோ ஆளுக்கு எந்த ஸ்பிரிங்னு பட்டியல் போட்டிருப்பாங்க. அதாவது ஆளோட எடை முக்கியம்னு அவங்களே சொல்றாங்க. அண்ணன் அந்தப் பக்கம் வரைக்கும் புரட்டல போல.

எடை எவ்வளவு முக்கியம்னு ஒரு கணக்குப் போடுவோம். 51 கிலோ ஆளு ஒருத்தரு, 93 கிலோ ஆளு ஒருத்தரு. வித்தியாசம் 42 கிலோ. அதுல முன் சக்கரத்துக்குப் போறது சுமார் 45 சதவீதம்னு வைங்க, 19 கிலோ. ரெண்டு ஃபோர்க் ஸ்பிரிங்கும் சேர்ந்து ஒரு மில்லிமீட்டர் அமுங்க 0.9 கிலோ கேக்குதுன்னு வைங்க (கணக்குக்காக எடுத்த நம்பர், சாய்வுக் கோணத்தையும் விட்டுட்டேன், பிசிக்ஸ் மக்கள் மன்னிக்கவும்). 19ஐ 0.9ஆல வகுத்தா 21 மி.மீ. 190ல 21ங்கறது பத்துல ஒரு பங்குக்கும் மேல. ஒரே ஷோரூம், ஒரே வண்டி, ஒரே ஸ்பிரிங். ஒருத்தருக்கு மூக்கு தூக்கி நிக்குது, இன்னொருத்தருக்குக் குனிஞ்சு நிக்குது. ரெண்டு பேரும் கட்டற மாசத் தவணை மட்டும் ஒண்ணு.

இனி அளக்கற முறை. அரை மணி நேரம், ஒரு இரும்பு டேப்பு, கூட ரெண்டு பேரு, ஒரு நோட்டு. அவ்வளவுதான்.

வண்டிக்கு அடியில கட்டைய வெச்சு முன் சக்கரத்தத் தரையில இருந்து கிளப்புங்க. சக்கரம் தன் எடையில தொங்கட்டும். ஆக்சில் நடுவுல இருந்து மேல கீழ் டீ ஸ்டெம்மோட அடி வரைக்கும், ஃபோர்க் சாய்வுலயே அளங்க. எக்ஸ்பல்ஸ், ஹிமாலயன்ல ரப்பர் பூட்ஸ் மூடியிருக்கும், அதனால சீல்ல இருந்து அளக்கறதவிட இது சுலபம். எந்த ரெண்டு புள்ளின்னு பெயின்ட் மார்க்கர்ல குறிச்சு வைங்க, அடுத்த தடவையும் அதேதான். இது முதல் அளவு. உதாரணத்துக்கு 520னு வைங்க.

அப்புறம் வண்டிய இறக்கி, ஹெல்மெட், பூட்ஸ், முட்டிக்காப்பு எல்லாம் மாட்டிட்டு ஏறுங்க. லுங்கியோட அளந்துட்டு ஜாக்கெட்டோட ஓட்டினா அந்த அளவுக்கு அர்த்தம் இல்ல. ஒருத்தர் வண்டியப் பின்னாடி இருந்து புடிச்சுக்கட்டும். முன் பிரேக்கத் தொடாதீங்க, தொட்டா ஃபோர்க் இறுகி அளவு கெட்டுப்போகும். ஃபுட்ரெஸ்ட் மேல நின்னு, ஓட்டற நிலையில இருங்க. இப்போ முன்பக்கத்த ஒரு இன்ச் அமுக்கி, மெதுவா மேல வர விடுங்க. எங்க நிக்குதோ அது ரெண்டாவது அளவு, 463னு வைங்க. பிறகு கொஞ்சம் தூக்கி, மெதுவா இறங்க விடுங்க. அது மூணாவது, 475. ரெண்டுக்கும் சராசரி 469. முதல் அளவுல இருந்து கழிச்சா 51. அதுதான் ஆளோட சேத்த தொய்வு. 190ல 51னா கிட்டத்தட்ட 27 சதவீதம்.

உராய்வு பிரச்சனைக்கு விடை இந்தச் சராசரிதான். அதுமட்டுமில்ல, அந்த 463க்கும் 475க்கும் நடுவுல இருக்கற 12 மி.மீ. இருக்கே, அது உங்க ஃபோர்க்கோட உடம்பு நிலை. மூணு மாசம் கழிச்சு அளக்கறப்போ 12 ஏறி 25 ஆயிருந்தா உள்ள ஏதோ கோளாறு. பைப்பு வளைஞ்சிருக்கலாம், புஷ் போயிருக்கலாம், இல்ல பஞ்சர் போட்டவரு ஆக்சில கோணலா இறுக்கியிருக்கலாம். கடைசி விஷயத்துக்கு வைத்தியம் சுலபம். ஆக்சில் கிளாம்ப் போல்ட்ட லூஸ் பண்ணி, வண்டிய நாலஞ்சு தடவை குத்தி எடுத்து, ஃபோர்க் தானா நேரா வந்ததும் இறுக்குங்க. (டை கட்டி அளக்கற முறையும் இருக்கு, ஃபோர்க்குல ஒரு கேபிள் டை போட்டு எவ்வளவு நகருதுன்னு பாக்கறது. ஏறி உக்கார்ற வேகத்துல கூடவே நகந்துடும், அதனால தொய்வுக்கு எனக்கு அது பிடிக்கல. முழுப் பயணமும் பயன்படுதான்னு பாக்க நல்லா உதவும்.)

எவ்வளவு இருக்கணும்? பொதுவா நம்ம மாதிரி காட்டு ரோடு, கரடு முரடு ஓட்டறவங்களுக்கு முன்னாடி மொத்தப் பயணத்துல 25ல இருந்து 30 சதவீதம். குதிச்சு விளையாடற மோட்டோகிராஸ்காரங்க இன்னும் கொஞ்சம் கம்மியா வெச்சுக்குவாங்க. பின்னாடி 30, 33ன்னு போகும். தயவுசெஞ்சு வெளிநாட்டு வீடியோவுல சொல்ற "100 மில்லிமீட்டர்"ங்கற நம்பரத் தூக்கிட்டு வராதீங்க. அது 300 மி.மீ. பயணம் இருக்கற மோட்டோகிராஸ் வண்டியோட பின்பக்க அளவு. 170 மி.மீ. பயணத்துல 100 விட்டா வண்டி படுத்துடும். சதவீதத்துல யோசிங்க. பி.காம் படிச்சதுக்கு இதாவது உதவட்டும் :)

மண்ணப் பொறுத்தும் மாறும். நொய்யல் மணல் மாதிரி இளகின மண்ணுல மூக்கு கொஞ்சம் தூக்கி இருந்தா நல்லது, தொய்வு கம்மி. பல்லடம், உடுமலைப் பக்கம் சரளைக்கல்லும் ஓடக்கல்லும் கெடக்கற எடத்துல மெதுவா ஏறறப்போ கொஞ்சம் அதிகமா இருந்தா சக்கரம் கல்ல ஒட்டிட்டே போகும். கரிசல் மண்ணு மழையில நனைஞ்சிருந்தா எந்த செட்டிங்கும் வேலைக்காகாது, வீட்டுக்குப் போயிருங்க. அப்புறம் ஒரு விஷயம், ஆனைமலையும் சத்தியமங்கலமும் புலிகள் காப்பகம். உள்ள வண்டிய விடறது சட்டப்படியும் தப்பு, மத்தபடியும் தப்பு.

ஊட்டிக்கு அடிக்கடி போறவங்களுக்கு ஒரு சுவாரசியம். கோயமுத்தூர் கடல் மட்டத்துல இருந்து 411 மீட்டர், ஊட்டி 2,240 மீட்டர். கீழ மூடின ஃபோர்க்குக்குள்ள இருக்கற காத்து அதே காத்துதான், மேல போனா வெளிய அழுத்தம் குறைஞ்சுடும். உள்ள இருக்கறது பைப்ப வெளிய தள்ளும். 37 மி.மீ. பைப்பு ரெண்டுக்கும் சேத்துக் கணக்குப் போட்டா, குளிரக் கழிச்சாலும் மூணு கிலோவுக்கு மேல வருது. பெருசு இல்ல. ஆனா "ஊட்டி போனா ஃபோர்க் கொஞ்சம் கெட்டியாத் தெரியுதுடா"ன்னு ஒருத்தன் சொன்னப்போ நாங்க அவனக் கலாய்ச்சது நியாயம் இல்ல. காத்து வெளியேத்தற ஸ்க்ரூ இருக்கற ஃபோர்க்குல, முன் சக்கரம் தரையில படாம தூக்கி வெச்சு ஒரு தடவை திறந்து மூடினா சரியாயிடும்.

அளந்தாச்சு, நம்பர் சரியில்ல. திருகும் இல்ல. இப்போ என்ன பண்றது? இங்கதான் நம்ம ஊரு கைகொடுக்கணும்.

கணபதி, பீளமேடு பக்கம் எந்தச் சந்துல நுழைஞ்சாலும் ஒரு லேத்து சத்தம் கேக்கும். பம்பு ஷாஃப்ட்ட நூல் பிசகாம கடைஞ்சு குடுக்கற ஊரு இது. நரேன் கார்த்திகேயன் 2005ல ஃபார்முலா ஒன் போனது இந்த ஊர்ல இருந்து. செட்டிபாளையத்துல 2003ல இருந்து கரி ஸ்பீட்வே ஓடுது, கார் கட்டி ஓட்டின கரிவரதன் பேர்ல. இவ்வளவு அளக்கத் தெரிஞ்ச ஊர்ல, முன் ஃபோர்க்க மட்டும் கையால ரெண்டு தடவை அமுக்கிப் பாத்துட்டு "நல்லாத்தான் இருக்குங்"னு அனுப்பறோம். எனக்கு இதுதான் தாங்கல.

ஃபோர்க் மூடியக் கழட்டி ஸ்பிரிங்குக்கு மேல ஒரு ஸ்பேசர் வெச்சா அதுவே பிரீலோட். 10 மி.மீ. ஸ்பேசர் வெச்சா தொய்வு கிட்டத்தட்ட 10 மி.மீ. குறையும், ஏன்னா ஃபோர்க்குல ஸ்பிரிங் நேரா பைப்புக்குள்ளயே இருக்கு, நடுவுல லிங்க் எதுவும் கிடையாது. ரெண்டு காலுக்கும் ஒரே அளவு. அலுமினியத்துல ரெண்டு துண்டு கடையச் சொன்னா எந்த லேத்துலயும் செஞ்சு தருவாங்க. ஆனா மூணு எச்சரிக்கை. மூடி ஸ்பிரிங் அழுத்தத்துல இருக்கு, கடைசி மரையில தெறிக்கும், மூஞ்சிய மேல வெச்சுட்டுக் கழட்டாதீங்க. முன் சக்கரம் தூக்கியே இருக்கணும், ஒரு நேரத்துல ஒரு காலு மட்டும். அளவுக்கு மீறி ஸ்பேசர் திணிச்சா, ஃபோர்க் முழுசா அமுங்கறதுக்கு முன்னாடியே ஸ்பிரிங் சுருள் ஒண்ணோட ஒண்ணு முட்டி இரும்புத் தடியாயிடும். இதெல்லாம் பயமா இருந்தா தெரிஞ்ச மெக்கானிக்க வெச்சு செய்யுங்க, பக்கத்துல நின்னு அளவு மட்டும் நீங்க எடுங்க.

பிரீலோட் ஏத்தினா ஸ்பிரிங் கெட்டியாகுதுன்னு ஒரு நம்பிக்கை சுத்திட்டு இருக்கு. ஆகாது. ஸ்பிரிங்கோட குணம் அதேதான், ஆரம்பிக்கற இடம்தான் மாறுது. ஸ்பிரிங் நமக்கு ஏத்ததான்னு தெரிஞ்சுக்கத்தான் அந்த இன்னொரு தொய்வு, வண்டி மட்டும் நிக்கறப்போ வர்றது. ஆளோட தொய்வ சரியா வெச்சுட்டு, இறங்கி நின்னு வெறும் வண்டிய அளங்க. வெறும் வண்டிக்குத் தொய்வு ரொம்பக் கம்மியா இருந்தா ஸ்பிரிங் உங்களுக்கு மென்மை, அத மறைக்க பிரீலோட் திணிச்சிருக்கீங்க. வெறும் வண்டிக்கே நிறைய தொய்ஞ்சா ஸ்பிரிங் உங்களுக்குக் கெட்டி. கேக்கறப்போ தலைகீழாத் தோணும். ஒரு தடவை பேப்பர்ல போட்டுப் பாத்தா புரிஞ்சுடும். ஸ்பிரிங்கே மாத்தணும்னா அப்போ லேத்துல தீர்வு இல்ல. அதுக்காக ஸ்பிரிங்க வெட்டாதீங்க. வெட்டின ஸ்பிரிங் குட்டையும் ஆகும், கெட்டியும் ஆகும். உயரம் குறைக்கணும்னு வெட்டினவன், அமுங்காத வண்டியோட வீட்டுக்குப் போவான்.

உயரம்னு சொன்னதும் முக்கியமான இடத்துக்கு வந்துட்டேன். இந்தப் பதிவ எழுத உக்காந்ததே இதுக்காகத்தான்.

எங்க வகுப்புல ரெண்டு பொண்ணுங்க எக்ஸ்பல்ஸ் ஓட்டறாங்க. பசங்கள்லயும் 5 அடி 4 அங்குலத்துக்குக் கீழ இருக்கறவங்க நிறைய. இவங்க எல்லாருக்கும் கடையில குடுக்கற ஒரே யோசனை, "பின்னாடி லோயரிங் லிங்க் போட்டுக்கங்க, காலு எட்டும்." போட்டுடறாங்க. காலும் எட்டுது. எல்லாரும் சந்தோஷம். ஆனா முன்பக்கத்த யாரும் தொடல. வீல்பேஸ் 1,400 மி.மீ. இருக்கற வண்டியில பின்பக்கத்த மட்டும் 25 மி.மீ. இறக்கினா, மொத்த வண்டியும் ஒரு டிகிரி பின்னாடி சாயுது. ஃபோர்க் இன்னும் படுக்குது. எடை பின்னாடி போகுது. அதுலயும் அந்தப் பொண்ணு 50 கிலோ, முன்னாடி தொய்வு ஏற்கனவே கம்மி. ஆக, ஏற்கனவே தூக்கி நின்ன மூக்க இன்னும் தூக்கி விட்டாச்சு. சரளை வளைவுல முன் சக்கரம் வழுக்காம என்ன செய்யும்? விழுந்தா, "பொண்ணுங்களுக்கு எதுக்கு இந்த வண்டி"ன்னு ஒரு பேச்சு. ஸ்பேனர் புடிச்ச ஆளு பாதி வேலை செஞ்சுட்டு, பழியத் தூக்கி ஓட்டறவ தலையில போடறதுதான் இது.

முழு வேலைங்கறது, லிங்க் போட்ட அன்னிக்கே ஃபோர்க் பைப்ப டீ ஸ்டெம்ல மேல நகத்தி முன்பக்கத்தையும் இறக்கறது. (இதுல தொய்வு மாறாது, நிக்கற உயரம் மட்டும் மாறும்.) ஃபோர்க் முழுசா அமுங்கினா டயர் மட்கார்டுல, ஸ்டெம்ல இடிக்குதான்னு பாத்துட்டுத்தான் நகத்தணும். அப்புறம் முன்னாடி தொய்வ அளந்து, உள்ள ஸ்பேசரக் குறைக்க முடியுமான்னு பாக்கறது. கூட ஒரு மணி நேர வேலை. லிங்க் விக்கறவங்க இத ஒரு சீட்டுல அச்சடிச்சுக் குடுத்தா என்ன கேடு? வண்டிக் கையேட்டுல தனி ஆளுக்கு எவ்வளவு காத்து, பின்னாடி ஆளு இருந்தா எவ்வளவு காத்துன்னு டயருக்குப் போடறீங்களே, அதே பக்கத்துல தொய்வுக்கு ஒரு வரி போட்டா மை தீந்துடுமா? எடைக்கேத்த மூணு வகை ஸ்பிரிங்க உதிரிபாகமா வித்தா வாங்க நாங்க தயார். சைலன்சருக்கு அஞ்சு இலக்கத்துல காசு குடுக்கற கூட்டம் இது, ஸ்பிரிங்குக்குக் குடுக்காதா?

"எங்க காலத்துல ஆர்எக்ஸ் 100ல மண்ணுல பறந்தோம், யாரு அளந்தா?"ன்னு சித்தப்பா வயசுக்காரங்க கேக்கறாங்க. நியாயமான கேள்விங்க. அந்த வண்டியோட ஃபோர்க் பயணமே கம்மி. எல்லா அளவும் சின்னது, அதனால தப்பும் சின்னது. இன்னிக்கு 190, 250ன்னு நீண்டுட்டே போகுது, தப்பும் கூடவே நீளுது. இன்னொண்ணு, பறந்தவங்கதான் கதை சொல்ல வர்றாங்க. கால ஒடச்சுக்கிட்டு வண்டிய வித்துட்டுப் போனவங்க டீக்கடையில வந்து கதை சொல்றதில்ல.

பாலக்காட்டுக் கணவாயத் தாண்டினா ஷொர்ணூர். அந்த ஊருக்காரரு ஹரித் நோவா 2024ல டாக்கர் ராலியில ரேலி 2 பிரிவுல முதல்ல வந்தாரு, ஒட்டுமொத்தமா பதினொண்ணாவது. 2015ல சி.எஸ்.சந்தோஷ் டாக்கர முடிச்ச முதல் இந்தியர். அந்த அளவுல ஓட்டறவங்களுக்கு சஸ்பென்ஷன் பாக்க தனி ஆளே உண்டு. நமக்கு இல்ல. ஆனா டேப்பு நமக்கும் அதே டேப்புதான், மில்லிமீட்டரும் அதேதான்.

கிளிக்கர் இருக்கற வண்டி வெச்சிருக்கறவங்களுக்கு ஒரு வரி: தொய்வு முதல்ல, கிளிக்கு பிறகு. நிக்கற உயரமே தப்பா இருக்கறப்போ ரீபவுண்டத் திருகிட்டு உக்காந்தா, தொடக்க இருப்பு தப்பா இருக்கற லெட்ஜர்ல கடைசிப் பக்கத்தத் திருத்தற மாதிரி.

நோட்டுல தேதி, உங்க எடை, மூணு அளவு, ஸ்பேசர் எத்தனை மி.மீ., எந்த மண்ணுல ஓட்டினீங்க, இத எழுதி வைங்க. ஃபோர்க் ஆயில் மாத்தினா திரும்ப ஒரு தடவை. இந்த சனிக்கிழமை சாயங்காலம் நாலரைக்கு நம்ம காலேஜ் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னாடி மூணு வண்டி அளக்கப் போறோம், முதல்ல அந்த லிங்க் போட்ட எக்ஸ்பல்ஸ். கட்டையும் டேப்பும் நான் கொண்டு வர்றேன். ஹெல்மெட், பூட்ஸோட வாங்க. டீ உங்க கணக்கு.